தானா ஓடும்

வாட்ச் கடையில பதினாறு வருஷமா நின்னுக்கிட்டிருக்கேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல இறங்கினா கூப்பிடு தூரம்தான் எங்க கடை. கால் நரம்பு சுருட்டிக்கிட்டதுதான் நான் கண்ட மிச்சம். வர்றவங்க மூஞ்சி எனக்கு ஞாபகம் நிக்காது, கைதான் நிக்கும். மணிக்கட்டு எலும்பு எப்படி, பட்டை எந்த ஓட்டையில மாட்டும், அதெல்லாம் கேளுங்க, சொல்லுவேன். ஆயிரம் கையப் பாத்து மறந்தவன் ஒரு கைய மட்டும் மறக்க முடியாம கெடக்கேன். மறக்கப் பாக்காம இல்ல. பாத்துட்டேன்.

சோப்புத் தண்ணியில ஊறி ஊறி வெளுத்த கை அது. நகத்த ஒட்ட வெட்டியிருப்பாங்க. கவுன்ட்டர் கண்ணாடி மேல வெச்சா தரை தொடைக்கிற மருந்து வாசனை லேசா அடிக்கும். மகாபலிபுரம் கடலோரத்துல ஒரு பெரிய ரிசார்ட்டுல ரூம் சுத்தம் பண்ற வேலை. வீடு புதுப்பட்டினத்துக்குப் பக்கத்துல. வீட்டுக்காரர் இல்ல, ஒரே பொண்ணு.

பில்லுல அந்தம்மா பேர என் கையாலதான் எழுதினேன். ஆனா கடையில யாரும் அந்தப் பேரச் சொன்னதில்ல. 'அசலம்மா'ன்னு நாங்களா வெச்சிட்டோம். எதக் கண்டாலும் முதல் கேள்வி, "அசலா இது?" டீ வாங்கிக் குடுத்தா, "பாலு அசலா, பவுடரா?" வாசல்ல பூக்காரிகிட்ட ஒரு முழம் வாங்கி, நார லேசா விலக்கிப் பாத்துட்டு, "நடுவுல காக்கடாவ வெச்சிக் கட்டிகீற, மல்லின்னு சொல்லிகினு கீற. எனக்குத் தெரியாதா?" பூக்காரி அந்தம்மாவக் கண்டாலே கூடைய மூடிடுவா.

என்னையும் விடல. ஒரு நாள் என் சட்டையவே பாத்துக்கிட்டிருந்தாங்க. "நைனா, உன் சட்ட மேல கீற பொம்மைக்கு ஒரு காலு கொறையுது. அசலுல நாலு காலு."

குனிஞ்சு பாத்தேன். மூணு காலுதான். ரெண்டு வருஷமா பெருமையா மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச சட்டை. கவுன்ட்டர்ல இருந்த அத்தன பேரும் சிரிக்கிறாங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தினிக்கும் ரூம்ல துணிய எடுத்து மடிச்சி வெக்கறேனே. வெள்ளக்காரன் சட்ட, சேட்டு சட்ட, அல்லாம் இந்தக் கையிலதான் மடியுது."

முதல் தடவ வந்தப்ப செருப்ப வாசல்லயே விட்டுட்டு வந்தாங்க. "செருப்போட வாம்மா"ன்னா, "இருக்கட்டும் நைனா, ஏசி போட்டுகீறாங்க"ன்னு ஒரு பதில். பொண்ணுக்கு இடம் முடிஞ்சிருக்கு. மாப்பிள்ளை வீடு கருங்குழி. பையன் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், புள்ளைக்கு மட்டும் நாலு பேரு பாக்கறாப்ல ஒரு நல்ல வாட்ச்சா போட்டுடுங்க"ன்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்களாம். ஒண்ணும் வேணாம்னு சொல்றவங்க கேக்கற அந்த ஒண்ணு எப்படி இருக்கும்னு இந்தத் தொழில்ல இருக்கறவனுக்குத் தெரியும். நான் வழக்கமா எடுக்கற மாப்பிள்ளை வாட்ச் தட்ட எடுத்து வெச்சேன். தங்கக் கலர் அடிச்சது, பாக்கப் பளபளன்னு இருக்கும், ரெண்டு வருஷத்துல வெளுக்கும்.

ஒண்ண எடுத்து உள்ளங்கையில வெச்சாங்க. கண்ண மூடினாங்க. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. "லேசா கீது"ன்னு திருப்பிக் குடுத்தாங்க. இன்னொண்ணு. அதுவும் லேசு. அப்புறம் மூலையில பூட்டு போட்டிருக்கற கண்ணாடிப் பெட்டியக் காட்டி, "அத்தத் தொற"ன்னாங்க. அது வெளிநாட்டு வாட்ச் பெட்டி. மாசத்துல ரெண்டு பேரு பாப்பான், ஒருத்தன் வாங்குவான். கேக்கறவங்க ஆளப் பாத்துத்தான் நாங்க சாவியவே எடுப்போம். அதுல எனக்கு வெக்கம்தான், இல்லன்னு சொல்லல. அன்னிக்கு ஏனோ எடுத்தேன்.

அதுல ஒண்ணக் கையில வாங்கினதும், "ஆங்"னு ஒரு சத்தம் குடுத்தாங்க. "இதான். இந்தக் கனம்தான்."

அப்பதான் அந்தக் கதைய சொன்னாங்க. ஒரு தடவ ரூம்ல தலகாணி உறைய மாத்தும்போது உள்ளேர்ந்து ஒரு வாட்ச் விழுந்திருக்கு. தங்கியிருந்தவன் காலையிலயே கிளம்பிட்டான். அந்தம்மா அதத் தூக்கிக்கிட்டு மூணு மாடி இறங்கி ஆபீசுல குடுத்திருக்காங்க. ஏர்போர்ட்டு போன வண்டிய பாதியில திருப்பிக்கிட்டு வந்த அந்த வயசான வெள்ளக்காரன், எல்லார் முன்னாடியும் ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டானாம். "மூணு மாடி எறங்கற நேரம்தான் கையில வெச்சிகினு இருந்தேன் நைனா. அந்தக் கனம் இன்னும் கையிலயே கீது."

எட்டு ஞாயித்துக்கிழமை வந்தாங்க. மெய்யாலுமே எட்டு. காலையில ரிசார்ட்டு வேலைய முடிச்சு, திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு, ரெண்டு மணிக்கு வந்து நின்னுடுவாங்க. ஒரு வாரம் தோல் பட்டை வேணாம், வேர்த்தா நாறும்பாங்க. அடுத்த வாரம் கறுப்பு முகம் வேணாம், கல்யாணத்துக்கு ஆவாதும்பாங்க. வெறும் கோடு போட்டது வேணாம், நம்பர் போட்டிருந்தாதான் தனக்குப் படிக்கத் தெரியும். "போடப் போறது உன் மருமகன்தானேம்மா?"ன்னு கேட்டா, "பாத்துப் பாத்து எடுக்கறது நானாச்சே"ம்பாங்க. நான் கூட நிக்கற சேல்ஸ்மேன்கிட்ட, "பேஜாரு வந்துடுச்சு, நீ பாரு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனதும் உண்டு. திரும்பி வந்தா அதே இடத்துல நிப்பாங்க, எனக்காக.

"சாதா வாட்ச்ல நல்லது இருக்கே, எதுக்கும்மா இவ்ளோ பெருசு?"ன்னு ஒரு நாள் கேட்டேன். எரிச்சல்ல கேட்டதுதான். அவங்க கோச்சுக்கல.

"எங்க அம்மா பண்ணையில கூலிக்குப் போவும். கூலின்னு நல்ல நெல்லு தரமாட்டாங்க நைனா, தூத்தறப்ப தள்ளி விழுற, அரிசி பாதிகூட இல்லாத கருக்காயத்தான் அளப்பாங்க. பொங்கலுக்கு அவங்க கட்டி அவுத்த பொடவ. எனக்குன்னு கடையில வாங்கின மொதத் துணியே என் கண்ணாலப் பொடவதான், அதுவும் சாயம் பூடுச்சி. எங்க வூட்லேர்ந்து போறது ஒண்ணாச்சும் அசலாப் போவட்டுமே."

வீட்டுக்காரர் வேலையில செத்ததுக்குக் கம்பெனி குடுத்தது பேங்குல இருக்குன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல.

எட்டாவது ஞாயிறு ஒண்ணு மேல மனசு நின்னுடுச்சு. கடல் நீலத்துல முகம், எஃகுச் சங்கிலி, பின்பக்கம் கண்ணாடி. உள்ள சக்கரம் சுத்தறது தெரியும். அந்தம்மா அத சாதா வாட்ச் பக்கத்துல வெச்சு நொடி முள்ளையே பாத்தாங்க. "அது குதிச்சி குதிச்சி போவுது. இது வழுக்கிகினு போவுது பாத்தியா? இதுக்கு பேட்டரி எங்க போடறது?"

"பேட்டரியே வேணாம்மா. இது ஆட்டோமேட்டிக்."

"சாவி?"

"சாவியும் வேணாம். தானா ஓடும்."

"தானாவா?"

"தானா ஓடும்மா."

அந்தம்மா மூஞ்சியில ஒரு வெளிச்சம். "தானா ஓடும்"னு அவங்களே ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டாங்க.

இதுக்கு மேல ஒரு வாக்கியம் இருக்கு. கடைக்குச் சேந்த முதல் வாரமே மனப்பாடம் பண்ண வெப்பாங்க. 'கையில கட்டியிருந்தா கை ஆடற ஆட்டத்துல ஓடும், கழட்டி வெச்சா ரெண்டு நாள்ல நின்னுடும், மறுபடி ஆட்டினா ஓடும்.' இவ்ளோதான். வாயத் தொறந்து சொல்ல எத்தன நொடி ஆகும்? நான் சொல்லல. பின்னால நாலு பேரு நிக்கறான், ஒருத்தன் பட்டை மாத்தணும்னு கத்தறான். அதுவும் காரணம் இல்ல, உண்மையச் சொல்லிடறேன். சொன்னா, "நிக்குமா? அப்ப அசலு இல்லியா?"ன்னு ஆரம்பிச்சு இன்னும் நாலு ஞாயிறு வருவாங்களேன்னு பயம். பில்லப் போட்டு அனுப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு மூணு வாரம் இருந்துச்சு. அந்தம்மா வாட்ச்ச மஞ்சத் துணியில சுத்தி, பெட்டியில வெச்சு, பீரோ லாக்கர்ல பூட்டிட்டாங்க. அசல் பொருள யாராச்சும் வெளிய வெப்பாங்களா? ரிசப்ஷன் அன்னிக்குக் கார்ல போறப்ப, குலுங்கக் கூடாதுன்னு கருங்குழி வரைக்கும் மடியில வெச்சு ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டே போயிருக்காங்க. மண்டபத்துல சீர்த் தட்டுல வெச்சாங்க. எல்லாரும் பாக்க மாப்பிள்ளையோட அண்ணன்காரன் பெட்டியத் தொறந்தான். முள்ளு நிக்குது. காதுல வெச்சுப் பாத்திருக்கான். சத்தமே இல்ல.

"இன்னாது, ஓடவே இல்ல?"

மாப்பிள்ளையோட அம்மா எட்டிப் பாத்துட்டு, "நல்ல நேரத்துல நின்னு போன வாட்ச்சயா கொண்ணாந்து வெச்சீங்க?"ன்னாங்களாம். கூட்டத்துல எவனோ, "சம்மந்தி மகாபலிபுரத்துலதான வேல செய்யறாங்க? பீச்சுல கூவிக் கூவி விக்கறானே, அந்த டூப்ளிகேட்டுதான்"ன்னு சொல்ல, மண்டபமே சிரிச்சிருக்கு. மாப்பிள்ளை பெட்டிய மூடி, திருப்பி அந்தம்மா கையிலயே குடுத்துட்டான். மறுநாள் தாலி கட்டினான், வெறும் கையோட.

இதையெல்லாம் ஒரு புதன்கிழமை எங்க கவுன்ட்டர்ல நின்னு அந்தம்மா சொன்னாங்க. அழல. இடுப்புல சொருகியிருந்த மஞ்சத் துணியப் பிரிச்சு வாட்ச்ச எடுத்து வெச்சாங்க. அது ஓடிக்கிட்டிருக்கு.

"பஸ்ஸுல வர்றப்ப எடுத்துப் பாக்கறேன், சோக்கா ஓடுது நைனா. மண்டபத்துல ஏன் ஓடல?"

அந்த விழுங்கின வாக்கியத்த அப்பதான் சொன்னேன். அந்தம்மா நான் சொல்ற வாயவே பாத்தாங்க.

"தானா ஓடும்னு சொன்னியே நைனா."

திட்டியிருக்கலாம். கண்ணாடிய உடைச்சிருந்தாக்கூட நான் வாங்கிக்கிட்டிருப்பேன். அத மட்டும் சொல்லிட்டு வாட்ச்ச எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

நேரா கருங்குழிக்குப் போயிருக்காங்க, விஷயத்த சொல்ல. ஆட்டினா ஓடும், ஆட்டாட்டி நிக்கும்னு சொன்னா எவன் நம்புவான்? "இன்னா, கிலுகிலுப்பையா?"ன்னு சம்மந்தி வீட்டுல கேட்டிருக்காங்க. பில்லக் காட்டினா, பில்லு யாரு வேணா அடிக்கலாம்னு பதில். வீட்டுல அந்தப் பொண்ணுக்குப் பேரே 'டூப்ளிகேட்டு' ஆயிடுச்சு. தண்ணி கேட்டாக்கூட, "டூப்ளிகேட்டு, ஒரு சொம்பு தண்ணி கொண்டா". பண்ணையில கருக்கா வாங்கின வீட்டுலேர்ந்து முதல் தடவையா அசலா ஒண்ணு போச்சு. அதுக்கு இந்தப் பேரு.

அடுத்த ஞாயிறு அந்தம்மா வந்தாங்க. "நீ ஒரு தபா வந்து சொல்லு நைனா. நான் சொன்னா நம்பல. கடக்காரன் வந்து சொன்னா நம்புவாங்க. என் வாட்ச்ச வாங்கிக்கக்கூட வேணாம். அசலுதான்னு அவங்க வாயால ஒரு வார்த்த வந்தா போதும், என் பொண்ணு நிமிந்து நடக்கும்."

"வர்ற ஞாயிறு கண்டிப்பா வர்றேம்மா"ன்னேன். சாமி சத்தியமா, சொன்ன நிமிஷம் போகணும்னுதான் இருந்துச்சு.

போகல.

ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம், லீவு தரமாட்டாங்க, அது நெஜம். ஆனா செவ்வாய்க்கிழமை கடை வாரலீவு. செவ்வாய்க்கிழமை போயிருக்கலாமே? போயிருக்கலாம். நான் வீட்டுல பாயப் போட்டுப் படுத்து டிவி பாத்தேன். போனா, "இத விக்கறப்பவே ஏன்யா சொல்லல?"ன்னு என் சட்டையப் பிடிப்பாங்க. மூணு கால் பொம்மை போட்ட சட்டைக்காரன்கிட்ட அதுக்கு பதில் இல்ல.

அந்த வார நடுவுல அந்தம்மா வந்தாங்க. ஞாயிறு காலையில ஒம்போதுலேர்ந்து மதியம் ரெண்டு வரைக்கும் கருங்குழி பஸ் ஸ்டாப்புல நின்னிருக்காங்க. ஜிஎஸ்டி ரோட்டுல நெழலே கெடையாது. ஒவ்வொரு பஸ்ஸா பாத்திருக்காங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்களே, "கடையில கூட்டமா பூடுச்சா நைனா?"ன்னு கேட்டாங்க. நான் சொல்ல வேண்டிய பொய்யையும் அவங்களே எடுத்துக் குடுத்துட்டாங்க. "ஆமாம்மா"ன்னேன். அதுக்கப்புறம் அந்தம்மா தலை வாசல்ல தெரிஞ்சா நான் ரிப்பேர் ரூமுக்குள்ள போயிடுவேன். நான் லீவுன்னு சொல்ல கூட நிக்கற சேல்ஸ்மேன் பழகிட்டான். அப்புறம் அவங்க வர்றத விட்டுட்டாங்க.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. திருக்கழுக்குன்றத்துல ஒரு சாவுக்குப் போயிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரத்துல அந்தம்மா. ஒதுங்கிடலாம்னு பாத்தேன், பாத்துட்டாங்க. "நைனா, இங்க வா, எடம் கீது"ன்னு பைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. ஒக்காந்தேன். எளச்சுப் போயிருந்தாங்க. புடவைத் தலைப்ப லேசா விலக்கிக் கையக் காட்டினாங்க. அந்த வாட்ச். ஆம்பள சங்கிலி அவங்க மணிக்கட்டுல நிக்குமா? முழங்கை வரைக்கும் ஏத்தி மாட்டியிருக்காங்க.

"மணி சரியா கீதா பாரு."

என் செல்போன எடுத்துப் பாத்தேன். நிமிஷம்கூட மாறல.

"கழட்டறதே இல்ல நைனா. குளிக்கறப்ப மட்டும் ஆணியில மாட்டுவேன். வேலையில குடுத்த மேல்சட்ட கை நீளமா கீது, யாருக்கும் தெர்ல. பெருக்கறப்ப, பெட்ஷீட் ஒதர்றப்ப, நல்லா கை ஆடுதுல்ல? ஒரு நாளு நிக்கல."

"சங்கிலியில ரெண்டு கண்ணி எடுத்துடறேம்மா, கையில நிக்கும்."

"ஐயய, வேணாம். மாப்ள கைக்குப் பாத்து எடுத்த அளவு. என்னிக்கினா வந்து கேட்டுட்டாங்கன்னா? அன்னிக்கு நின்னுகினு இருக்கக் கூடாதுல்ல. அதுக்குத்தான் நான் சும்மா ஓட்டிகினு கீறேன்."

"வர்ற வாரம் நானே கருங்குழிக்குப் போறேம்மா, சத்தியமா"ன்னேன். அந்தம்மா என் கைய ஒரு தட்டு தட்டினாங்க. நம்பினாங்களா இல்லையான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் அந்த வாரமும் போகல.

போன மாசம் ஒரு பொண்ணு கடைக்கு வந்துச்சு. முப்பது வயசு இருக்கும். கைக்குட்டை முடிச்ச அவுத்து கவுன்ட்டர்ல வெச்சுச்சு. கடல் நீல முகம். எனக்கு அதப் பாத்ததும் புரிஞ்சிடுச்சு, ஆனா புரியாத மாதிரியே நின்னேன்.

"அண்ணா, இதுக்கு பேட்டரி போடணும்."

"யாரோடதும்மா?"

"எங்க அம்மாவோடது. வேலையில பெட்ஷீட் மாத்திகினு இருந்தவங்க மூச்சு வாங்குதுன்னு ஒக்காந்தாங்களாம், எழுந்திரிக்கல. கையிலேர்ந்து நான்தான் கழட்டினேன். அடக்கம் பண்ணிட்டு வந்தப்பகூட ஓடிகினு இருந்துச்சு. மறுநாள் பால் தெளிக்கப் போறப்ப பாக்கறேன், நின்னுடுச்சு." அந்தப் பொண்ணு மூக்க உறிஞ்சுச்சு. "டூப்ளிகேட்டுதானே, அவ்ளோதான் வரும்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. ஆனா எனக்கு இது ஓடிகினே இருக்கணும் அண்ணா. சாதா பேட்டரி போட்டாலும் பரவால்ல."

நான் வாட்ச்ச எடுத்தேன். அந்தக் கனம். ரெண்டு பக்கமும் ஆட்டினேன். நொடி முள்ளு வழுக்கிக்கிட்டுக் கிளம்பிச்சு. அந்தப் பொண்ணு கண்ண விரிச்சுப் பாத்துச்சு. அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். இதுக்கு பேட்டரி கெடையாது, கை ஆடினாதான் ஓடும், இது அசல், இந்த மாடல் எங்க கடையிலயே ரெண்டுதான் இருந்துச்சு, வித்தவன் நான்தான், சொல்ல வேண்டியத சொல்லாதவனும் நான்தான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கருங்குழியில சொல்லியிருக்க வேண்டியத, ஒண்ணு விடாம, ஏசி கடையில நின்னு சொன்னேன்.

அந்தப் பொண்ணு என்னைய மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துச்சு.

"நீங்கதானா அது? 'கடையில ஒரு தம்பி கீது, நல்ல புள்ள, வந்து சொல்லும்'னு அம்மா சாவற வரைக்கும் போன்லகூட சொல்லிகினே இருந்தாங்க. எங்க வூட்ல, அப்படி ஒரு ஆளே இல்ல, உங்கம்மா கத கட்டுதுன்னுவாங்க. ஒரு நாளு நானே சொல்லிட்டேன் அண்ணா. 'யம்மா, அப்படி ஒரு ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல, என் மானம் போவுது, இனிமே இங்க வராத'ன்னு. அதுக்கப்புறம் அவங்க வரல."

"நான் இப்பவே வர்றேம்மா. உங்க வீட்டுல வந்து சொல்றேன்."

"வந்து?"

அந்தப் பொண்ணு வாட்ச்ச வாங்கித் தன் கையில மாட்டிப் பாத்துச்சு. வழுக்கி விழுந்துச்சு. கண்ணி எடுத்துத் தரேன்னேன். "இத்தக் கட்டிகினு அந்த வூட்ல நான் நடக்க முடியுமா?"ன்னு கேட்டுட்டு, கைக்குட்டையில திரும்ப முடிஞ்சு பைக்குள்ள போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிடுச்சு.

நான் ஆட்டினது ரெண்டு நிமிஷம். பஸ் குலுங்கற குலுக்கல்ல கருங்குழி வரைக்கும் ஓடும். வீட்டுக்குப் போய்ப் பைய ஆணியில மாட்டினா, கொஞ்ச நேரத்துல நின்னுடும்.